நிலை காட்டும் படம்

ஒரே செயல் எல்லாக் காலத்தும் ஒரே பயனைத் தருவதன்று. மாடிக் கட்டடம் ஒன்றின் மின்தூக்கியுள் நிற்கும் ஒருவர், மூன்றாம் எண் பொறித்த பொத்தானை அழுத்துகின்றார் எனக் கொள்வோம். மின்தூக்கி தரைத் தளத்தில் இருப்பின் மேலே செல்லும். ஐந்தாம் தளத்தில் இருப்பின் கீழே இறங்கும். மூன்றாம் தளத்திலேயே நின்றிருப்பின் கதவு மட்டும் திறக்கும். அளவுக்கு மேற்பட்ட சுமை ஏறியிருப்பின் அசையாது, எச்சரிக்கை ஒலியை மட்டும் எழுப்பும். அழுத்திய விரலும் ஒன்று; பொத்தானும் ஒன்று; பயன் மட்டும் நான்கு. மின்தூக்கி அப்பொழுது எந்நிலையில் இருந்தது என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகும்.

தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு இக்கருத்துப் புதியதன்று. புணர்ச்சியில் நிலைமொழி, வருமொழி என இரண்டு உண்டு. குடம் என்னும் வருமொழி பொன்னோடு புணர்ந்து பொற்குடம் ஆகின்றது. மண்ணோடு புணர்ந்து மட்குடம் ஆகின்றது. வெள்ளியோடு புணர்ந்து வெள்ளிக்குடம் ஆகின்றது. வருமொழியை மட்டும் நோக்கி முடிபு கூறுதல் எவர்க்கும் இயலாது. நிலைமொழியின் ஈறு இன்னதென அறிந்த பின்னரே விதி கூறல் வேண்டும். பொறிகளின் இயக்கத்தை ஆராய்வோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். நிலைமொழியின் இடத்தில் பொறியின் நிலையையும், வருமொழியின் இடத்தில் அதற்கு நேரும் நிகழ்வையும் வைத்து எண்ணினால், புணர்ச்சி முடிபின் இடத்தில் புதிய நிலை தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணத்தில் முடிபு ஒரு சொல்லோடு நின்றுவிடுதல் கூடும். பொறியிலோ, முடிபாகிய புதிய நிலையே அடுத்து வரும் நிகழ்வுக்கு நிலைமொழியாய் அமைகின்றது. இவ்வாறு எண்ணத்தக்க சில நிலைகளையும், நிகழ்வுக்கேற்ப ஒரு நிலையினின்று மற்றொன்றிற்குச் செல்லும் விதிகளையும் உடையதனை நிலைப்பொறி என்பர்.

நிலைப்பொறியைத் தாளில் எழுதிக் காட்டும் முறையை அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இருவர் செம்மை செய்தனர். ஜார்ஜ் மீலி என்பார் 1955ஆம் ஆண்டிலும், எட்வர்டு மூர் என்பார் 1956ஆம் ஆண்டிலும் தத்தம் கட்டுரைகளை வெளியிட்டனர். நிலைகள் வட்டங்களாகவும், நிலைமாற்றங்கள் அம்புக்குறிகளாகவும் வரையப்பெறும். பொறி புறத்தே செய்யும் செயலை அம்பின்மேல் எழுதுவது மீலியின் முறை. வட்டத்தினுள் எழுதுவது மூரின் முறை. இரண்டினும் பயன் ஏறத்தாழ ஒன்றே.

சிறு பொறிகளுக்கு இவ்வட்டங்களும் அம்புகளும் போதுமானவை. பொறி வளர வளரத் தொல்லை தொடங்குகின்றது. இரண்டு நிலைகளே உடைய உறுப்பு ஒன்றாயின் வட்டம் இரண்டு. அத்தகைய உறுப்புகள் இரண்டாயின் வட்டம் நான்கு, மூன்றாயின் எட்டு. பத்து உறுப்புகளுக்கு 1,024 வட்டங்களும், இருபது உறுப்புகளுக்கு 10,48,576 வட்டங்களும் வரைதல் வேண்டும். அவ்வளவு பெரிய தாளும் இல்லை; வரைந்தாலும் அதனைக் கண்டு உணர்வாரும் இல்லை. ஆகவே பெரிய பொறிகளை உண்டாக்குவோர் படத்தைக் கைவிட்டு, பக்கம் பக்கமாக உரைநடையில் எழுதி வைக்கலாயினர். உரைநடையோ, முன்னுக்குப்பின் முரணினும் அம்முரணை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது.

இந்நிலையில்தான் டேவிட் ஹாரல் என்னும் கணிப்பொறி அறிஞர் இத்துறையுள் புகுந்தார். இஸ்ரேல் நாட்டின் ரெஹோவோத் நகரிலுள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய அவரை, அந்நாட்டு விமானத் தொழிலகத்தார் 1982ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அறிவுரைக்காக அழைத்தனர். ‘லாவி’ எனப் பெயரிய போர்விமானம் ஒன்றை அவர்கள் அப்பொழுது உருவாக்கிக்கொண்டிருந்தனர். வாரந்தோறும் வியாழக்கிழமை ஹாரல் அங்குச் சென்றார். ரேடார் வல்லார், செய்தித்தொடர்பு வல்லார், விமான இயக்கக் கட்டுப்பாட்டு வல்லார் எனப் பலர் அங்கு இருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை நுணுக்கமாக அறிந்தவர். அவர்கள் எழுதிய ஆவணங்கள் பெருந்தொகுதிகளாய் விளங்கின. ஆனால், விமானி இன்ன சூழலில் இன்ன பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்று ஹாரல் வினவியபொழுது, தெளிந்த ஒரு விடையை எவரும் கூறவில்லை. விடை ஆவணத்தில் ஓரிடத்தில் ஒருவகையாகவும் மற்றோரிடத்தில் வேறொரு வகையாகவும் இருந்தது. வானில் பறக்கும் விமானிக்கு அவ்விரண்டனுள் எதைத் தேர்வதென எண்ணிப் பார்க்க நேரம் ஏது?

ஹாரல் முதலில் அவர்களுடைய விளக்கங்களை ஒழுங்குபட்ட உரைநடையாகவே எழுதினார். எழுதியதனைத் தெளிவுறுத்தப் பக்கத்தின் ஓரத்தில் சிறு சிறு படங்களைக் கீறினார். சில வாரங்களில், பொறியாளர் அனைவரும் உரையை விடுத்து அவ்வோரப் படங்களையே நோக்குவதனை அவர் கண்டார். ஆதலின் உரையை நீக்கிப் படத்தையே முதன்மையாக்கினார். அதற்குப் பெயர் வைத்த வரலாறும் சுவையுடையது. ‘ஃப்ளோ’, ‘ஸ்டேட்’ என்னும் இரு சொற்களுள் ஒன்றையும், ‘சார்ட்’, ‘டயகிராம்’ என்னும் இரு சொற்களுள் ஒன்றையும் இணைத்தால் நான்கு பெயர்கள் பிறக்கும். அவற்றுள் மூன்றனைப் பிறர் முன்னரே எடுத்துக்கொண்டிருந்தனர். எஞ்சி நின்ற ‘ஸ்டேட்சார்ட்’ என்பதனையே அவர் தம் படத்திற்கு இட்டார். தமிழில் இதனை நிலைப்படம் எனலாம்.

ஒருநாள் கரும்பலகையில் அத்தகைய படம் ஒன்று வரையப்பெற்றிருந்தது. விமானப் படைத் தலைமையகத்தைச் சேர்ந்த விமானி ஒருவர் அவ்வறையுள் வந்தார். அவர் போர்விமானம் ஓட்டுவதில் நெடிய பழக்கம் உடையவர். நிலைப்பொறி என்ற சொல்லையும் கேட்டறியாதவர். அஃது என்ன என்று அவர் வினவ, விமானத்தின் ஒரு பகுதி இயங்கும் முறை என்றும், பெட்டிகள் நிலைகள் என்றும், அம்புகள் நிலைமாற்றங்கள் என்றும் அங்கிருந்தவர் கூறினர். அதற்குமேல் விளக்கம் ஒன்றும் கூறப்பெறவில்லை. விமானி ஓரிரு நிமிடம் படத்தை உற்று நோக்கினார். பின்னர், ஓர் அம்பினைச் சுட்டி, அது சென்று சேரும் இடம் தவறு என்றார். அவர் கூறியதே உண்மையாயிற்று. பெருந்தொகுதிகளில் ஒளிந்திருக்கத்தக்க பிழையை, அக்கலையைக் கல்லாத ஒருவர் சிறு பொழுதிற் கண்டுகொண்டார் என்பது சிறு செய்தியன்று. லாவி விமானத் திட்டம் 1987ஆம் ஆண்டில் கைவிடப்பெற்றது. அதன்பொருட்டுத் தோன்றிய படமோ உலகெங்கும் பரவிற்று.

ஹாரல் செய்த புதுமைகள் மூன்றென எண்ணலாம். அவற்றை விளக்க அவர் எடுத்துக்கொண்ட பொருள், நான்கு பொத்தான்களை உடைய சிட்டிசன் நிறுவனத்துக் கைக்கடிகாரம். நேரம் காட்டல், இரண்டு எழுப்பொலிகள், மணிதோறும் ஒலித்தல், ஓட்டநேரம் அளத்தல், விளக்கு எனப் பல பணிகள் அச்சிறு கருவிக்கு உண்டு. வட்டமும் அம்பும் கொண்டு வரைந்தால் அது பெருஞ்சிக்கலாய் முடியும்.

பெட்டிக்குள் பெட்டி வைத்தல் அவர் செய்த முதற் புதுமை. கடிகாரம் உயிருடன் இருத்தல், மின்கலம் தீர்ந்து இறந்துபடுதல் என இரு பெரும்பெட்டிகள் வரையப்பெறும். உயிருடன் இருக்கும் நிலைகள் யாவும் முதற்பெட்டியினுள் அடங்கும். மின்கலம் எடுக்கப்பெற்றால், உள்ளே எந்நிலையில் இருப்பினும் கடிகாரம் இறந்துபடும் என்பதனைக் காட்ட, வெளிப்பெட்டியினின்று ஓர் அம்பு போதும். உள்நிலைக்கு ஒன்றாக எண்ணற்ற அம்புகள் வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஒரே காலத்தில் நிலவும் நிலைகளைப் பிரித்துக் காட்டல். பெரும்பெட்டியைப் புள்ளிக்கோட்டால் அறைகளாகப் பகுப்பர். ஓர் அறையில் கடிகார முகம் என்ன காட்டுகின்றது என்பதும், மற்றோர் அறையில் முதல் எழுப்பொலி இயங்குமா இயங்காதா என்பதும், வேறோர் அறையில் விளக்கு எரிகின்றதா இல்லையா என்பதும் தனித்தனியே நிற்கும். இருபது உறுப்புகளுக்குப் பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட வட்டங்கள் வேண்டும் என முன்னர்க் கண்டோம்; அறை பகுத்து வரையின் நாற்பது பெட்டிகளே போதும். பெருக்கல் கூட்டலாக மாறிவிடுகின்றது. மூன்றனுள்ளும் இதுவே தலையாயது எனல் மிகையாகாது.

மூன்றாவது, நினைவுக்குறி. ஒரு பெரும்பெட்டியை விட்டு வெளியேறி மீண்டும் அதனுட் புகும்பொழுது, முன்னர் எவ்வுள்நிலையில் இருந்ததோ அதிலேயே தொடர்க என்பதனை ஓர் எழுத்தால் குறிப்பர்.

இக்கட்டுரையை முதலில் சில இதழ்கள் ஏற்க மறுத்தன. இறுதியில் 1987ஆம் ஆண்டில்தான் அஃது அச்சேறிற்று.

நிலையை அறியாமை எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதற்கு அதே ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு செய்தி சான்றாகும். புற்றுநோயாளர்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் ‘தெராக்-25’ என்னும் பொறி, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மருத்துவமனைகளில் இயங்கிவந்தது. அஃது இருவகையாகப் பணிபுரியும். எலெக்ட்ரான் கற்றையை நேரே செலுத்துவது ஒருவகை. அதற்குக் கற்றையின் வலிமை சிறிதாதல் வேண்டும். மிக வலிய கற்றையை இடையே உள்ள ஓர் உலோகப் பொருளின்மீது மோதச் செய்து எக்ஸ் கதிராக்கி அனுப்புவது மற்றொரு வகை. வலிய கற்றை இடைப்பொருள் இன்றி நோயாளியின்மீது பாய்ந்தால் உடல் தாங்காது.

பொறியை இயக்குவோர் திரையில் தட்டச்சுச் செய்து வகையைக் குறிப்பர். எக்ஸ் கதிர் எனத் தவறாகக் குறித்தவர், மேல்வரிக்குச் சென்று எலெக்ட்ரான் எனத் திருத்துதல் கூடும். பொறியினுள் உள்ள காந்தங்கள் தம் இடத்திற்கு வந்து அமைய ஏறத்தாழ 8 நொடிகள் ஆகும். அந்த 8 நொடிகளுக்குள் திருத்தத்தை முடித்துவிடின், பொறியின் ஒரு பகுதி அத்திருத்தத்தை அறியாமலே இருந்துவிடும். திரை ஒரு நிலையைக் காட்டும். பொறியோ வேறொரு நிலையில் நிற்கும். பயிற்சி குறைந்தவர் மெல்லத் தட்டச்சுச் செய்தபொழுது தீங்கு நேரவில்லை. கைவிரைவு மிக்கவர் செய்தபொழுதே நேர்ந்தது. டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் திங்கள்களில் இருவர் இவ்வாறு அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாகி, பின்னர் உயிர்நீத்தனர். திரையில் தோன்றியது ‘கோளாறு 54’ என்னும் சொல்மட்டுமே. அதன் பொருளை இயக்குவோர் அறியார். 1985 முதல் 1987 வரை அப்பொறியால் நேர்ந்த விபத்துகள் ஆறு. வேறு காரணத்தால் நேர்ந்தனவும் அவற்றுள் உண்டு.

அதற்கு முந்திய ‘தெராக்-20’ என்னும் பொறியிலும் இதே பிழை இருந்தது எனப் பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் அதில் கணிப்பொறியைச் சாராத தனிக் காப்புகள் அமைந்திருந்தமையால், உருகிகள் எரிந்துபோயினவேயன்றி உயிர்கள் மாயவில்லை. புதிய பொறியில் அக்காப்புகளை நீக்கியவர், மென்பொருளே போதும் எனக் கருதிவிட்டனர். படம் வரைந்திருந்தால் விபத்து நேர்ந்திராது என உறுதிகூறுதல் பொருந்தாது. ஆனால், காந்தங்கள் அமைந்துகொண்டிருக்கும்பொழுது வகை மாற்றப்பெற்றால் அம்பு எங்கே செல்லும் என்னும் வினாவைப் படம் எழுப்பியே தீரும். வரைபவர் அங்கே ஓர் அம்பை இடுதல் வேண்டும். அன்றேல் இடமில்லை என்பதனை வெளிப்படக் காட்டுதல் வேண்டும்.

தாளில் வரைந்த படம் தானே இயங்காது. ஆதலின் படத்தை இயக்கிக் காட்டும் மென்பொருட் கருவி ஒன்று வேண்டும் எனக் கருதிச் சிலர் 1984ஆம் ஆண்டில் இஸ்ரேலில் ஒரு நிறுவனம் தொடங்கினர். ஹாரலும், அமீர் ப்னூலி என்னும் பேரறிஞரும் அதில் பங்குகொண்டனர். அவர்கள் உண்டாக்கிய ‘ஸ்டேட்மேட்’ என்னும் கருவியில், பொறியாளர் திரையில் படம் வரைவர். பின்னர் நிகழ்வுகளை ஒவ்வொன்றாகத் தருவர். பொறி எந்நிலையில் உள்ளதோ அப்பெட்டி நிறம் மாறி விளங்கும். படத்தினின்று நிரலைத் தானே எழுதித் தரும் ஆற்றலும் அதற்கு உண்டு. அமெரிக்கக் கணிப்பொறியியற் கழகம் 2007ஆம் ஆண்டிற்குரிய மென்பொருள் விருதினை அக்கருவிக்கு வழங்கிச் சிறப்பித்தது. அதனை விற்ற நிறுவனம் 2006ஆம் ஆண்டில் டெலிலாஜிக் நிறுவனத்தின் கைக்கும், 2008ஆம் ஆண்டில் அதுவும் ஐ.பி.எம். நிறுவனத்தின் கைக்கும் மாறிற்று.

இத்தகைய கருவிகள் அவ்வப்பொழுது புதிய பதிப்புகளாக வெளிவரும். புத்தகத்தின் மறுபதிப்பில் அச்சுப்பிழை திருத்துவது போன்றதே இது எனச் சிலர் எண்ணுவர். அவ்வாறன்று. படம் பழையதாகவே இருக்க, அதன் பொருள் மாறிவிடுதல் கூடும். நூற்பா பழையதாகவே இருக்க, உரையாசிரியர் மாறினால் பொருள் வேறுபடுவது போன்றது அது. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, நிலைப்படத்திற்கு இருபதுக்கு மேற்பட்ட வெவ்வேறு பொருள்கோள் முறைகள் வழங்கினவாகக் கணக்கிட்டது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். உள்பெட்டியில் ஓர் அம்பும், அதனைச் சூழ்ந்த வெளிப்பெட்டியில் ஓர் அம்பும் ஒரே பொத்தானுக்கு உரியனவாக வரையப்பெற்றுள்ளன. பொத்தான் அழுத்தப்பெற்றால் எவ்வம்பின் வழிச் செல்வது? வெளியே உள்ளதே வலியது என்பது ஸ்டேட்மேட்டின் விதி. உள்ளே உள்ளதே வலியது என்பது, பின்னர் எழுந்த யூ.எம்.எல். என்னும் பொதுமுறையின் விதி. சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்னும் இலக்கண நெறியோடு பின்னது ஒத்துச்செல்கின்றது. முன்னதும் காரணமின்றி எழுந்ததன்று, ஆபத்துக் காலத்தில் வெளியிலிருந்து வரும் ஆணை உள்ளே நிகழ்வதனை நிறுத்த வல்லதாதல் வேண்டும். எதனைக் கொள்ளினும் இழுக்கில்லை. ஒருமுறையில் வரைந்த படத்தை மற்றொரு முறையில் இயக்குதலே இழுக்காகும்.

‘மேத்வொர்க்ஸ்’ நிறுவனத்தாரின் ‘ஸ்டேட்ஃப்ளோ’ என்னும் கருவியில் ஒரு வியப்பான வழக்கம் இருந்தது. ஒரு பெட்டியினின்று பல அம்புகள் புறப்படின், தரத்தில் ஒத்தவற்றுள் முதலில் ஆராயத்தக்கது எது என்பதனை அம்பு புறப்படும் இடத்தைக் கொண்டே அது துணியும். பெட்டியைக் கடிகார முகமாகக் கருதி, பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தினின்று வலமாகச் சுற்றிவந்து அம்புகளை எண்ணும். விளைவு யாது? படம் அழகாக இருக்கட்டும் என்று கருதி ஒருவர் ஓர் அம்பைச் சற்றே நகர்த்தினால், பொறியின் ஒழுக்கமே மாறிவிடுதல் கூடும். பின்வந்த பதிப்புகளில் அம்புதோறும் வரிசை எண்ணை வெளிப்பட இடும் முறை வந்தது; புதிதாக வரையும் படங்களுக்கு அதுவே இயல்பான முறையாயிற்று. இதனை மிக நல்ல திருத்தம் எனல் வேண்டும்.

படங்களை ஒரு கருவியினின்று மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லும்பொருட்டு, அவற்றை எழுத்து வடிவில் குறிக்கும் ‘எஸ்.சி.எக்ஸ்.எம்.எல்.’ என்னும் பொதுமொழியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஏற்று வெளியிட்டது. வலைத்தளங்களின் திரைகளை இயக்க இந்நாளில் பலர் கையாளும் ‘எக்ஸ்ஸ்டேட்’ என்னும் நிரல்தொகுதியும் அதன் வழிப்பட்டதே. இதனைத் தொடங்கியவர் டேவிட் குர்ஷித் என்பார். நிரலை எழுதினால் படமாகவும், படத்தை வரைந்தால் நிரலாகவும் காட்டும் வரைகருவி ஒன்றும் இதற்கென அமைந்துள்ளது.

இதன் ஐந்தாம் பதிப்பு 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்தது. அதில் சில பெயர்கள் மாறின. பெயர் மாற்றத்தால் பெருந்தீங்கு இல்லை, பழைய பெயரைக் கண்டவுடன் கருவியே தடுத்து உணர்த்தும். ஓசையின்றி நேர்ந்த மாற்றம் வேறொன்று. ஒரு பெட்டியினின்று புறப்பட்டு அப்பெட்டிக்கே திரும்பும் அம்பு ஒன்றை எண்ணுக. நான்காம் பதிப்பில், அவ்வம்பின் வழிச் செல்லும் பொறி பெட்டியை விட்டு நீங்கி மீண்டும் அதனுட் புகுந்ததாகக் கொள்ளப்பெற்றது. ஐந்தாம் பதிப்பில், வெளிப்படக் குறித்தாலன்றிப் பொறி பெட்டியை விட்டு நீங்குவதில்லை.

இது சொல்லளவிலான வேறுபாடு போலத் தோன்றும். தொடாமல் விட்டால் 10 நிமிடத்தில் அணையும் திரை ஒன்றைக் கருதுக. ‘விழித்திருத்தல்’ என்னும் பெட்டியுட் புகுந்தவுடன் நேரம் எண்ணத் தொடங்கும். விரல் பட்டவுடன் அதே பெட்டிக்குத் திரும்பும் அம்பு ஒன்று வரையப்பெற்றுள்ளது. பழைய பதிப்பில், ஒவ்வொரு தொடுகையிலும் பொறி வெளியேறிப் புகுதலின் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். புதிய பதிப்பில் வெளியேறுதல் இல்லாமையால் பழைய எண்ணிக்கையே ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் விடாது தொட்டு எழுதிக்கொண்டிருப்பினும் பத்தாம் நிமிட முடிவில் திரை அணைந்துவிடும். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பிழை என எவ்வறிவிப்பும் தோன்றாது. மாற்றத்தை விளக்கும் குறிப்பினைக் கருவி செய்தோர் தெளிவாகவே எழுதியுள்ளனர். அதனைப் படியாதவர்க்கே இடர்.

ஆதலின் கைதேர்ந்தோர் புதிய பதிப்பை உடனே ஏற்பதில்லை. பழைய பதிப்பில் ஒரு நிகழ்வு வரிசையைச் செலுத்தி, பொறி அடைந்த நிலைகளை வரிசையாகக் குறித்து வைப்பர். அதே வரிசையைப் புதிய பதிப்பிலும் செலுத்தி, இரு குறிப்புகளையும் ஒப்பிடுவர். நிலை மட்டுமன்று, புகும்பொழுதும் நீங்கும்பொழுதும் நிகழும் செயல்களையும் நேரத்தையும் சேர்த்தே குறித்தல் வேண்டும். மேற்கூறிய திரையில் நிலையின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், பத்தாம் நிமிடம் கடக்கும் வரை வேறுபாடு புலனாவதில்லை. தன்னிடத்துக்கே திரும்பும் அம்புகளை ஒவ்வொன்றாகத் தேடி, மீண்டும் புகுதல் வேண்டும் எனக் கருதியவற்றின்மீது அதற்குரிய குறியை இட்ட பின்னரே பழைய படம் புதிய பதிப்பில் முன்போல் இயங்கும்.